பழைய மோட்டார் வெடிக்கிறதா? சாமான் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

அப்பா ஓட்டிய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாரில்தான் பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய் வருகிறேன். போன ஆண்டு அது வெடிக்கத் தொடங்கியது. பினாங்குப் பாலத்தின் நடுமேட்டைத் தாண்டி, இறக்கத்தில் திராட்டலை (வேகம் கூட்டும் கைப்பிடியை) விட்டவுடன் எக்ஸாஸ்ட் புகைக்குழாயிலிருந்து 'டப், டப்' என்று அடிக்கும். மழை பெய்த நாளில் இன்னும் மோசம். வேகம் பிடிக்கும்போது இன்ஜின் ஒரு நொடி செத்து, பிறகு பட்டாசு போல் ஒரே வெடி.

ஐந்து வாரத்தில் மூன்று பட்டறை ஏறி இறங்கினேன். புதுக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் சாமான்) 85 வெள்ளி, சிடிஐ (பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி) 45, காயில் (பொறிக்கு மின்சாரத்தை ஏற்றும் சுருள்) 35, கூலி 95. மொத்தம் 260 வெள்ளி கொடுத்தும் வெடி நிற்கவில்லை. கடைசியில் பிடிபட்டவை இரண்டு கோளாறுகள். எக்ஸாஸ்ட் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் இருக்கும் செம்பு வளையம் 3 வெள்ளி. வயரைப் பிளக்கோடு சேர்க்கும் பிளக் கேப் 8 வெள்ளி. அந்த 260 வெள்ளி எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. ஷிஃப்ட் வேலைக்கும் சாப்பாடு டெலிவரிக்கும் பழைய மோட்டாரையே நம்பியிருக்கும் தம்பிமார்களுக்கும் அப்படித்தான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

இது கார்புரேட்டர் வைத்த நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு: இஎக்ஸ்5, பழைய வேவ், மோடெனாஸ் கிரிஸ், யமாஹா லகெண்டா போன்றவை. யமாஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு 5ஆம் படியில் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் மோட்டாருக்கு (கார்புரேட்டர் இல்லாதது) இது பொருந்தாது.

1. மூன்று நாள் குறித்து வையுங்கள்

இதற்குக் காசு தேவையில்லை. ஆனால் எல்லாரும் தாண்டிப் போகிற படி இதுதான். நான் போன மூன்று பட்டறையிலும் யாரும் கேட்காத கேள்வியைப் பிறை ஊரில் ஓய்வுபெற்ற ஒரு ஃபோமன் (பட்டறை மெக்கானிக்) கேட்டார்: "தம்பி, ஏறும்போது வெடிக்குதா, இறங்கும்போது வெடிக்குதா?" நான் இரண்டும்தான் என்றேன். "அப்ப ரெண்டு வியாதி. ஒரே மருந்து தேடாதே" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு வழி தெரிந்தது.

கைப்பேசியிலோ ஒரு சின்னத் தாளிலோ நான்கு விஷயம் எழுதுங்கள். சத்தம் எக்ஸாஸ்டிலிருந்து வருகிறதா, கார்புரேட்டர் பக்கமிருந்தா? திராட்டலை விடும்போதா, முறுக்கும்போதா, சும்மா நிற்கும்போதா? இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா? மழையா, வெயிலா?

எழுதியதை இப்படிப் படிக்க வேண்டும். திராட்டலை விட்டதும் எக்ஸாஸ்டில் சின்னச் சின்னதாகப் பொரிந்தால் முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் மூட்டில் காற்றுக் கசிவு. அடுத்தது கார்புரேட்டரின் சிறிய ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளைத் திருகு) அடைப்பு. முறுக்கும்போது இன்ஜின் விட்டு விட்டு இழுத்து ஒரே பெரிய வெடியாக வந்தால் மின்சாரப் பக்கம் போங்கள்: பிளக், கேப், வயர், சாவி சுவிட்ச். கார்புரேட்டர் வழியாகத் 'தூ' என்று திருப்பித் துப்பினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது உள்வால்வு (காற்றும் பெட்ரோலும் இன்ஜினுக்குள் போகும் கதவு) சரியாக மூடவில்லை. எக்ஸாஸ்டில் கரும்புகையோடு 'பும்' என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் (குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தகடு) மூடியே கிடக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஃபுளோட் ஊசி (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை நிறுத்தும் ஊசி) தேய்ந்திருக்கலாம்.

பாலத்தில் வெடித்தால் அங்கேயே நிறுத்தி ஆராய வேண்டாம். மோட்டார் பாதை குறுகல், பின்னால் வருகிறவர்கள் வேகமாக வருவார்கள். இன்ஜின் அடிக்கடி செத்துப்போகிற நிலையில் இருந்தால், சரியாகும்வரை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். நேரம் கூடும், ஆனால் நடுக்கடலுக்கு மேலே தள்ளிக்கொண்டு போகும் நிலை வராது.

2. சாமான்களும் நேரமும்

10 எண் ஸ்பேனர், பிளக் சாவி, ஸ்க்ரூடிரைவர் இரண்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), கார்புரேட்டர் கிளீனர் ஒரு டின், பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஒரு கண்ணாடி ஜாம் போத்தல். வீட்டில் எதுவுமே இல்லை என்றாலும் 60 முதல் 80 வெள்ளிக்குள் வாங்கிவிடலாம். மல்டிமீட்டர் கிடைத்தால் நல்லது. 20 வெள்ளி மீட்டரே போதும்.

3, 4ஆம் படிகளுக்கு ஒரு சனிக்கிழமை காலை போதும். கார்புரேட்டர் முதல் தடவை கழற்றுகிறவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். சனிக்கிழமை காலையிலேயே தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பாதியில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அறுந்தால் கடை பூட்டியிருக்கும், திங்கட்கிழமை வேலைக்கு மோட்டார் இருக்காது. சீனப் புத்தாண்டையொட்டிப் பல சாமான் கடைகள் நாள்கணக்கில் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே நேரத்தில் ஒரே ஒரு சாமானை மட்டும் மாற்றுங்கள். மாற்றி, ஓட்டி, எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. புதுச் சாமானே கோளாறாக இருந்தால் அதுவும் தெரியாது.

3. எக்ஸாஸ்ட் மூட்டு

திராட்டலை விட்டதும் எரியாத பெட்ரோல் ஆவி கொஞ்சம் எக்ஸாஸ்டுக்குள் போகும். அங்கே வெளிக்காற்று நுழைய ஒரு இடுக்கு இருந்தால் போதும், சூட்டில் பற்றிக்கொண்டு வெடிக்கும். அந்த இடுக்கு பெரும்பாலும் இன்ஜின் ஹெட்டில் குழாய் சேரும் இடத்தில்தான் இருக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறியபின் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். என் மோட்டாரில் அந்த மூட்டைச் சுற்றி அலுமினியத்தின் மேல் கண்மை தீட்டியது போல் ஒரு கரிக்கோடு இருந்தது. ஒரு பக்கம் மட்டும் தடிப்பு, மறுபக்கம் சுத்தம். அந்தத் தடித்த பக்கம்தான் கசிவு. முந்தின ஆண்டு எக்ஸாஸ்டைக் கழற்றி மாட்டியபோது பழைய வளையத்தையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். செம்பு வளையம் ஒரு முறை நசுங்கினால் நசுங்கியதுதான். இரண்டாம் முறை அது அடைக்காது.

கரிக்கோடு தெரியவில்லை என்றால், இன்ஜினை ஓடவிட்டு மடித்த ஈரத்துணியால் எக்ஸாஸ்ட் வாயை ஒரு நொடி மட்டும் அழுத்துங்கள். மூட்டில் 'டிக் டிக்' என்றோ 'ஸ்ஸ்' என்றோ கேட்டால் கசிவு உறுதி. கை குழாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவது எளிது. இரண்டு நட்டு, 10 எண் ஸ்பேனர். துரு பிடித்திருந்தால் முதல் நாள் இரவே டபிள்யூடி-40 (துரு இளக்கும் ஸ்பிரே) அடித்துவிட்டு மறுநாள் திருகுங்கள். பலவந்தமாகத் திருகினால் ஸ்டட் (நட்டு பூட்டும் திருகு) முறியும். பிறகு அதைத் துளைத்து எடுக்கும் கூலி மற்ற எல்லாவற்றையும் விடக் கூட வரும். பழைய வளையம் ஹெட்டின் உள்ளே ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதை நோண்டி எடுத்தபின்தான் புதியதை வைக்க வேண்டும். இறுக்கும்போது இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் வளையம் சாய்ந்து உட்காரும்.

நீங்கள் போட்டிருப்பது சத்தமான திறந்த எக்ஸாஸ்ட் என்றால் கொஞ்சம் பொரிவது அதன் இயல்பு. அதற்காகக் கார்புரேட்டரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய எக்ஸாஸ்டைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். சத்தமான எக்ஸாஸ்டுக்குச் சாலைத் தடுப்பில் சம்மனும் கிடைக்கும்.

4. பிளக், கேப், வயர்

பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் நல்லது. சுண்ணாம்பு போல் வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பெட்ரோல் எரியும் அறைக்குள் இன்ஜின் எண்ணெய் ஏறுகிறது. அது வேறு கதை. இடைவெளி இஎக்ஸ்5க்கு 0.6 முதல் 0.7 மி.மீ. புதுப் பிளக் வாங்கும்போது பழையதில் அச்சிட்ட எண்ணையே கேளுங்கள். 'இன்னும் பவரானது' என்று வேறு எண்ணைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கேப்பும் வயரும்தான் எனக்கு இருந்த இரண்டாவது நோய். இங்கே கடற்காற்றும் மழையும் சேர்ந்து கேப்பின் உள்ளே இருக்கும் உலோகத்தைப் பச்சையாக அரித்துவிடுகிறது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, துணிக்கு அடிக்கும் தண்ணீர் ஸ்பிரேயால் கேப்பின் மேல் லேசாகத் தூவினேன். கேப்பின் அடியிலிருந்து இன்ஜினைக் குளிர்விக்கும் உலோகத் துடுப்புக்கு நூல் போல ஒரு நீலப்பொறி தாவியது. தாவும்போதெல்லாம் இன்ஜின் தடுமாறியது. மூன்று பட்டறைக்குத் தெரியாதது இருட்டில் அரை நிமிடத்தில் தெரிந்தது. இதைச் செய்யும்போது வயரைக் கையால் தொடக்கூடாது, பெட்ரோல் கசிவும் இருக்கக்கூடாது.

கேப் வயரில் திருகாணி போலத் திருகி நிற்கும். கழற்றி, வயரின் நுனியை 5 மி.மீ. வெட்டி எறிந்துவிட்டு, புதிய செம்பில் புதுக் கேப்பைத் திருகுங்கள். ரெசிஸ்டர் கேப் (உள்ளே மின்தடை வைத்தது) என்றால் மீட்டரில் 5 கிலோ ஓம் அளவில் காட்டும்; எண்ணே வரவில்லை என்றால் அது செத்தது.

பிறகு, ஓடும் இன்ஜினில் ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள், சாவியை லேசாக ஆட்டுங்கள். ஏதாவது ஒன்றில் இன்ஜின் விக்கினால் சாவி சுவிட்சிலோ அதன் வயரிலோ தொடர்பு விட்டுப்போகிறது. மின்சாரம் அரைநொடி நின்று வந்தால் இடையில் எரியாமல் போன பெட்ரோல்தான் எக்ஸாஸ்டில் வெடிக்கிறது. இளைஞர்கள் சிலர் ஓடும்போதே சாவியை அணைத்துப் போட்டு வேண்டுமென்றே வெடிக்க வைப்பதும் இதே முறையில்தான். எக்ஸாஸ்டின் உள்தகடு பிளந்துவிடும், செய்யாதீர்கள்.

5. பெட்ரோல், காற்று, கார்புரேட்டர்

முதலில் கழற்றாமலே பார்க்க வேண்டியது: கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃபுளோட் கிண்ணத்தின் அடியில் இருக்கும் சிறிய ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஜாம் போத்தலில் பிடியுங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் இருந்தால் பெட்ரோலுக்கு அடியில் உருண்டை உருண்டையாக, தாமரை இலையில் ஓடுவது போல ஓடும். பழுப்புத் தூள் தெரிந்தால் டாங்கியின் உள்ளே துரு. இந்த இரண்டில் எது இருந்தாலும் டாங்கியைக் காலி செய்து கழுவாமல் கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் வாரக்கணக்கில்தான் தாங்கும். ரோன்97 பெட்ரோல் ஊற்றினால் வெடி நிற்கும் என்று சொல்வார்கள். நிற்காது. ரோன்95 போதும்.

ஏர் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். அடைத்திருந்தால் மாற்றுங்கள். அது இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டாம், காற்று அதிகமாகி வேறு விதமாக வெடிக்கும், உங்கள் குறிப்பெல்லாம் குழம்பும்.

அடுத்து, கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் வளைந்த குழாய். இன்ஜின் ஓடும்போது அதன் இரண்டு மூட்டிலும் சோப்புத் தண்ணீரைத் தூவுங்கள். ஐட்லிங் (திராட்டல் முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) மாறினால் அங்கே காற்று புகுகிறது. ஓ-ரிங்கை மாற்றினால் போதும். இதற்குக் கார்புரேட்டர் கிளீனரைப் பயன்படுத்தச் சிலர் சொல்வார்கள். சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும், வேண்டாம்.

இவ்வளவும் சரி என்றால்தான் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். வாசலில் வைத்துச் செய்வதானால் வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். விளக்கு நாலடி தள்ளி இருந்தாலும் ஆபத்துதான்.

கழற்றும்முன் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவை வெளியே எடுப்பதற்கு முன், அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் தொடுகிறது என்று எண்ணி எழுதுங்கள். கம்பெனி அளவு தெரியாவிட்டால் ஒன்றரைச் சுற்று வெளியே என்பது தொடங்க ஏற்ற அளவு. உள்ளே முட்டியபின் இறுக்கினால் அதன் ஊசி முனை வளைந்துவிடும்.

ஜெட் இரண்டு இருக்கும். திராட்டலை விடும்போது வெடித்தால் சிறியதுதான் குற்றவாளி. அதன் துளை தலைமுடி அளவு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். பிறைநிலா போல் தெரிந்தால் பாதி அடைப்பு. கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றால் ஊதுங்கள். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் ஜெட்டை எறிய வேண்டியதுதான். கிளீனர் அடிப்பதற்கு முன் ரப்பர் சாமான்களை எல்லாம் எடுத்துவிடுங்கள், ஊறிப் பெருத்துவிடும்.

மாட்டும்போது திராட்டல் சிலைடின் (கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் உருளையின்) வெட்டுப் பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் கிக் அடித்தவுடன் இன்ஜின் அலறும். மாட்டியபின், கிக் அடிப்பதற்கு முன், திராட்டலை முறுக்கி விட்டு அது 'டக்' என்று தானாகத் திரும்புகிறதா என்று கேளுங்கள்.

மிக்ஸர் ஸ்க்ரூவில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால் காற்று கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். உங்களுடையது எது என்று பார்க்காமல் மற்றவர் சொன்னபடி திருகினால் நேர் எதிராகப் போகும். இன்ஜின் சூடேறியபின் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, ஐட்லிங் உயர்ந்து சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஆர்எக்ஸ்இசட் போன்ற இரண்டு ஸ்ட்ரோக்கில் டேப்பெட் (வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) கிடையாது. அதில் கார்புரேட்டர் வழியாகத் துப்பினால் ரீட் வால்வின் (உள்ளே போன காற்று திரும்பாமல் தடுப்பது) இதழைப் பாருங்கள், ஓரம் உடைந்திருக்கலாம். அது சரி என்றால் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிய ரப்பர் அடைப்பு). அது பட்டறை வேலை.

6. டேப்பெட்

டேப்பெட் சத்தமே இல்லாத இன்ஜின்தான் நல்ல இன்ஜின் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஃபோமனிடமும் 'சத்தம் வராம இறுக்கி விடுங்கண்ணே' என்கிறோம். அதிகமாக இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது. உள்வால்வு மூடாவிட்டால் கார்புரேட்டர் வழியாகத் துப்பும், வெளிவால்வு மூடாவிட்டால் எக்ஸாஸ்டில் வெடிக்கும், நாளாவட்டத்தில் வால்வும் கருகும்.

டேப்பெட் இடைவெளி இஎக்ஸ்5க்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் காலையில் பார்க்க வேண்டும். இடப்பக்க ஃபிளைவீலை (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) இடஞ்சுழியாகத் திருப்பி 'டி' குறியை இன்ஜின் உறையிலுள்ள குறிக்கு நேராக்குங்கள். இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் கைகள்) விரலுக்கு லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு முழுச்சுற்று. கேஜ் தாள் பிசுபிசுவென்று இழுபட்டு வர வேண்டும். மற்ற மோட்டார்களுக்கு அளவு வேறு. உங்கள் மாடலின் அளவை உறுதி செய்துகொண்டு தொடுங்கள்.

7. பட்டறைக்குப் போக வேண்டியவை

இத்தனைக்கும் பிறகு வெடித்தால் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பல் தாண்டியிருக்கலாம், ஃபிளைவீல் சாவி (ஃபிளைவீலைத் தண்டில் நிறுத்தும் சின்ன உலோகத் துண்டு) நகர்ந்திருக்கலாம், அல்லது சிடிஐ. சிடிஐயை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். அதே மாடல் வைத்திருக்கும் நண்பருடையதைப் பத்து நிமிடம் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். மின்சாரச் சாமானைப் பிரித்தபின் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

பட்டறையில் உங்கள் குறிப்பைக் காட்டுங்கள். 'வெடிக்குது, பாருங்க' என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வராதீர்கள். வேலை தொடங்கும் முன்பே கூலியைக் கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். ரசீதில் தேதி, மோட்டார் எண், சாமானின் பெயர் மூன்றும் இருக்கட்டும். நான் ரசீது வாங்காததால் அந்த 85 வெள்ளி கார்புரேட்டரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

'இன்ஜினையே மாத்திடலாம், செகண்ட் ஹேண்ட் ஒண்ணு இருக்கு' என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். கிராண்டில் (மோட்டாரின் பதிவுப் பத்திரத்தில்) இருக்கும் இன்ஜின் எண்ணும் மோட்டாரில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றினால் வாகனச் சோதனைக்குக் கொண்டுபோய், ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதிவைத் திருத்த வேண்டும். இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது இல்லாமல் அதைத் தொடவே கூடாது. திருட்டு இன்ஜினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நீண்ட நாள் ஓட்டாமல் போட்டு வைத்த மோட்டார் என்றால், ஓட்டிப் பார்க்க ரோட்டில் இறக்கும் முன் காப்புறுதி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். காப்புறுதி இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது.

8. ஓட்டிப் பார்ப்பது

சமவெளியில் ஓட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். தீவில் இருப்பவர்களுக்கு பாயா தெருபோங்கிலிருந்து பாலேக் பூலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலை நல்ல சோதனை. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முறுக்கிப் போங்கள். இறக்கத்தில் அதே கியரில் திராட்டலை முழுதாக விட்டு இறங்குங்கள். ஏறும்போது விக்கலும் இறங்கும்போது பொரிவும் இல்லை என்றால் சரி. மழை நின்ற கையோடு ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். கேப்பின் உண்மை அப்போதுதான் தெரியும்.

எக்ஸாஸ்ட் வளையம் மாற்றியிருந்தால், முதல் ஓட்டத்தின் சூட்டில் அது இன்னும் கொஞ்சம் அமுங்கும். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன், இன்ஜின் ஆறியிருக்கும்போதே அந்த இரண்டு நட்டையும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். எனக்குக் கால் சுற்று இறங்கியது.